இருவர் கூடி வாசிக்கும் நெடுங்கதை

மாயமும் மந்திரமும் வீரசாகசமும் நிறைந்த நீண்ட கற்பனைக் கதைகளைக் கணவனும் மனைவியும் கூடியமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது நல்ல பழக்கந்தானா? பொழுதுபோக்கைப் பற்றிய சிறிய கேள்வியாக இது தோன்றலாம். ஆனால் திருச்சபையின் மரபில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்குமுறையின் 42ஆம் அதிகாரத்தில், இரவு உணவுக்குப்பின் அனைவரும் ஓரிடத்தில் அமர, ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும் என்கிறார். ஆயினும் விவிலியத்தின் முதல் ஏழு நூல்களையும் அரசர்களின் நூல்களையும் அவ்வேளையில் விலக்குகிறார். வலுவற்ற உள்ளங்களுக்கு அந்நேரத்தில் அவை பயன் தரா, வேறு வேளைகளில் வாசிக்கட்டும் என்பது அவர் கருத்து. இருளில் உரத்துச் சொல்லப்படும் கதைக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதை அந்த மகான் அறிந்திருந்தார்.

இதைவிடக் கூர்மையான எச்சரிக்கையைத் தருபவர் இத்தாலியக் கவிஞர் தாந்தே. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய பெருங்காவியத்தில், நரகத்தைப் பாடும் பகுதியின் ஐந்தாம் காதையில் பிரான்செஸ்கா என்னும் பெண்ணையும், அவளுடைய கணவனின் உடன்பிறந்தானாகிய பாவ்லோவையும் சந்திக்கிறோம். அவ்விருவரும் தனித்திருந்து வாசித்தது லான்சலட் என்னும் வீரனின் கதை. ஆர்தர் மன்னனின் அவை, ஏரியில் வாழும் மாயப்பெண், மந்திரவாதி மெர்லின் என விரியும் அற்புதக் கதைத்தொகுதியைச் சேர்ந்தது அது. வீரனும் அரசியும் முத்தமிடும் இடம் வந்ததும் வாசித்தவர்கள் தங்களை மறந்தார்கள். நூலும் அத்துடன் மூடப்பட்டது. ஏதேன் தோட்டத்தில் ஏவாள் பாம்பைச் சுட்டிக்காட்டியதுபோல, பிரான்செஸ்கா பழியை நூலின்மீதும் அதை எழுதியவன்மீதும் சுமத்துகிறாள்.

இப்பகுதியைக் கற்பனைக் கதைகளுக்கு எதிரான தீர்ப்பாகக் கொள்வோர் உண்டு. நாம் அவ்வாறு கொள்வதற்கில்லை. அவர்கள் கைவிட்ட கதையின் எஞ்சிய பக்கங்களில் என்ன இருந்தது? அந்தக் கள்ளக்காதலின் விளைவாக நண்பர்கள் பகைவராகின்றனர். ஆர்தரின் நாடு சிதைகிறது. அரசி கன்னியர் மடம் புகுகிறாள். லான்சலட் தவக்குடிலில் செபத்தில் தன் இறுதி நாட்களைக் கழிக்கிறான். முதுமையில் உலகைத் துறந்த இந்த லான்சலட்டைத் தாந்தேயே தம் 'விருந்து' என்னும் உரைநடை நூலில் பாராட்டியிருக்கிறார். ஆகவே அவ்விருவரையும் கெடுத்தது கதையன்று. தங்களுக்கு இனித்த இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டதே அவர்களைக் கெடுத்தது.

நெடுங்கதையின் அறம் பெரும்பாலும் அதன் முடிவில்தான் வெளிப்படுகிறது. நம் மொழியில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இதற்குச் சான்று. அது மாயக்கதை அன்று, சரித்திரக் கற்பனை. எனினும் மந்திரவாதிகளும் சுரங்க வழிகளும் அதில் உண்டு. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அத்தொடரை வீட்டில் ஒருவர் வாசிக்க, எழுத்தறியாத முதியோரும் கேட்டு மகிழ்ந்தனர். அத்தியாயந்தோறும் ஆவலைத் தூண்டி நிறுத்தும் அதன் அமைப்பு உரத்த வாசிப்புக்கு மிகவும் ஏற்றது. நான்கு பாகங்கள்வரை சூழ்ச்சியும் சாகசமும் நம்மை இழுத்துச் செல்கின்றன. ஐந்தாம் பாகத்தின் பெயரோ 'தியாகச் சிகரம்'. கைக்கு எட்டிய மணிமுடியை அருள்மொழிவர்மன் பிறருக்கு விட்டுக்கொடுக்கும்போதுதான் கதையின் பொருள் விளங்குகிறது. அந்த முடிவு சற்று விரைந்து வந்துவிட்டது என்பது நம் எண்ணம். வாசகர் கேட்ட கேள்விகளுக்கு ஆசிரியரே முடிவுரை எழுதி விடைகூற நேர்ந்தது.

அத்தொடர் நிறைவுற்ற அதே 1954ஆம் ஆண்டில்தான், இங்கிலாந்தில் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்னும் பெருங்கற்பனையின் முதற்பகுதி வெளிவந்தது. இளமையில் தாயையும் தந்தையையும் இழந்து, பிரான்சிஸ் மார்கன் என்னும் அருள்பணியாளரின் பாதுகாப்பில் வளர்ந்த உறுதியான கத்தோலிக்கர் டோல்கீன். அச்சேறுமுன் தம் நூலை அவர் சி. எஸ். லூயிஸ் முதலிய நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினார். கேட்பதற்கு லூயிஸ் இருந்திராவிடில் அந்நூல் முற்றுப்பெற்றிராது என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதில் நீண்ட நடைப்பயணங்களும் பாடல்களும் பழங்கால வரலாறுகளும் மிகுதி. மௌனமாக வாசிப்பவரின் கண் இவற்றைத் தாண்டி ஓடிவிடும். உரக்க வாசிப்பவரோ பயணிகளோடு அடியடியாக நடந்தே தீரவேண்டும். தீய மோதிரத்தை எரிமலைவரை சுமந்து செல்லும் புரோடோ, இறுதிக் கணத்தில் அதை எறிய மனமின்றித் தோற்றுப்போகிறான். அவனைக் காப்பாற்றுவது, கோலம் என்னும் இழிந்த உயிரைக் கொல்லாமல் விட்டதில் முன்பே காட்டப்பட்ட இரக்கம். மோதிரம் அழிவது மார்ச் 25ஆம் நாள். அன்னை மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாள் அது. மனித வலிமை தோற்ற இடத்தில் அருள் செயல்படுகிறது என்னும் மறையுண்மையை இதைவிட அழகாகச் சொன்ன புதினம் அரிது. ஆனால் கதைத் தொடக்கத்தில் பேசப்பட்ட அந்த இரக்கம் முடிவில் நினைவுக்கு வரவேண்டும். இருவர் வாசித்தால், ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துச் சொல்வார்.

இதெல்லாம் கற்றோர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் கணவன் தோல் ஷாப்பிலும் மனைவி ஷூ கம்பெனியிலும் உழைத்து இரவில் வீடு திரும்பும் குடும்பங்கள் பல. கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைத் தவிர வேறு பேச்சில்லாமல், ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்தபடி உறங்கிப்போகும் இரவுகளே அங்கு மிகுதி. நாளுக்குப் பத்துப் பக்கம் வாசித்தால் ஆயிரம் பக்க நூலுக்கு நூறு இரவுகள் வேண்டும். அந்த நூறு இரவுகளில் சில சச்சரவுகளும் நேரும். விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர வேண்டுமானால், முகம் திருப்பிக்கொண்ட இருவரும் மறுபடி அருகருகே அமர்ந்தாக வேண்டும். முன்னாளில் ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் ஊறியே தோல் பதமானதை நம் மக்கள் அறிவர். ஊர்த் திரௌபதி அம்மன் கோயில்களில் நாள்கணக்காக நடைபெறும் பாரதப் பிரசங்கம் படுகளம் வரை சென்றே முடிவதையும் அறிவர். பொறுமையாக இறுதிவரை கேட்பது நமக்குப் புதியதன்று.

ஆகவே தம்பதியர்க்கு நாம் கூறுவது இது: நல்ல முடிவுடைய நூலைத் தேர்ந்தெடுங்கள், முறைவைத்து வாசியுங்கள், அலுப்பூட்டும் பக்கங்களையும் விடாதீர்கள், இனித்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். திருமண நாளில் பீடத்தின்முன் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கும் இறுதிப் பக்கம் வரைக்கும் உரியதன்றோ!