லண்டன் போய் வந்த உறுமி

2006 பிப்ரவரி. மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தபோது, புதுச்சத்திரம் பக்கம் இருந்த எங்கள் கோழிப்பண்ணையில் ஒரு கோழிகூடச் சோர்ந்து நிற்கவில்லை. ஆனாலும் முட்டை விலை சரிந்தது. லோடு ஏற்ற லாரி வரவில்லை. முட்டை அட்டைகள் ஷெட்டுக்குள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அப்பா ராத்திரியில் எழுந்து தீவன மூட்டைகளை எண்ணிவிட்டு வந்து படுப்பார். அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

அடுத்த வருஷம் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில், கூடப் படித்தவன் என் தலையில் ஹெட்போனை மாட்டி, "பாட்டு பேரைப் பாருடா" என்றான். ‘பேர்ட் ஃப்ளூ’. பாடியவர் எம்.ஐ.ஏ. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபம் முடிவதற்குள் உறுமி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

எங்கள் மாரியம்மன் பண்டிகையில் பூங்கரகம் ஊருக்குள் வரும்போது அடிக்கிற அதே உறுமி. ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தோலோடு அழுத்தித் தேய்த்து இழுக்க, அடிவயிற்றிலிருந்து கிளம்புமே ஓர் உறுமல், அது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டமே அடிக்கிறது. நடுநடுவே கோழி கத்துகிறது! பண்ணையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதன்மேல் ஒரு பெண் குரல், யாருக்கும் பயப்படாமல், இங்கிலீஷில். ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டியிருந்தேன். அந்த ஒரு மணி நேரமும் அந்த ஒரே பாட்டுத்தான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘ஜெயம்’ படத்தில் ஆர்.பி. பட்நாயக் போட்ட திருவிழாப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? 2003-ல் மைக் செட் கட்டிய வீடெல்லாம் அதுதான் ஓடியது. அதிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து ‘பேர்ட் ஃப்ளூ’வில் கோத்திருக்கிறார் எம்.ஐ.ஏ. நாங்கள் ஆடி முடித்து மறந்துபோன பாட்டு லண்டன் போய்விட்டு எங்கள் காதுக்கே திரும்பி வந்திருந்தது.

யார் இந்தப் பெண் என்று தேடினேன். மாதங்கி அருள்பிரகாசம். 1975-ல் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனவர். பிறகு கொஞ்ச காலம் சென்னை, மறுபடி யாழ்ப்பாணம். இலங்கையில் போர் முற்றியபின், 1986-ல், அம்மாவோடும் கூடப் பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பினார். அப்பா அருளர் ஈழப் போராட்ட இயக்கமான ஈரோஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். வீட்டில் இருந்ததே அரிது. அம்மா கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கினார். மகள் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் ஓவியமும் சினிமாவும் படித்தார். பாட்டு அதற்கப்புறம்தான். ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒரு தாளப்பெட்டி கையில் கிடைத்தது, அதில் தட்டித் தட்டியே முதல் பாட்டுகளை உருவாக்கினார். 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு ‘அருளர்’ என்று அப்பா பெயர். மெர்க்குரி பரிசுக்கான பட்டியலிலும் அது இடம்பிடித்தது. 2007-ல் வந்த இரண்டாவதற்கு ‘கலா’ என்று அம்மா பெயர்.

அந்தக் ‘கலா’வைப் பற்றி விடிய விடியப் பேசுவேன். அமெரிக்க விசா இழுபறியானதால் அவர் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போய் ஒலிப்பதிவு செய்த ஆல்பம் அது. 2006 தொடக்கத்தில் சென்னை வந்தார். ஏ.ஆர். ரகுமான் தன் ஸ்டூடியோவைத் தந்தார். அங்கே எம்.ஐ.ஏ. தமிழ்த் தாளக்காரர்களைக் கூட்டமாக உட்காரவைத்து அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். எங்கள் ஷெட்டில் முட்டை தேங்கிக் கிடந்த அதே காலம்! முதல் பாட்டு ‘பாம்பூ பாங்கா’வில் ‘தளபதி’ படத்து இளையராஜாவின் காட்டுக்குயில் பாட்டு ஒளிந்திருக்கிறது. ‘பாய்ஸ்’ஸில் மறுபடி உறுமி. ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது.

பிரிஸ்டல் நகரத்து மாசிவ் அட்டாக், போர்டிஸ்ஹெட் குழுக்களையும் நான் விழுந்து விழுந்து கேட்டவன்தான். ஜமைக்காக்காரர்கள் கொண்டுவந்த சவுண்ட் சிஸ்டம், பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகள், நிதானமான தாளம், இதெல்லாம் சேர்ந்து பிறந்த டிரிப் ஹாப்பில் மாசிவ் அட்டாக்கின் ‘ப்ளூ லைன்ஸ்’ 1991-லும் போர்டிஸ்ஹெட்டின் ‘டம்மி’ 1994-லும் வந்தன. அது மழை நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்கிற இசை. எம்.ஐ.ஏ. அதே வெட்டி ஒட்டும் வித்தையை எடுத்து வெயிலில் நிறுத்தினார். சித்திரை மாதத்து சேலம் வெயிலில்! அவர் பாட்டில் உறுமி ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இல்லை, அதுதான் சோறு. மற்றதெல்லாம் அதற்குத் தொடுகறி.

பண்டிகைக்கு உறுமி அடிக்க வரும் அண்ணன் ஒருவருக்கு என் செல்போனில் ‘பேர்ட் ஃப்ளூ’வைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். விரல் தொடையில் தட்டியது. "அடி நம்ம அடிதானுங்க தம்பி. பாடற புள்ள எந்த ஊரு?" என்றார். யாழ்ப்பாணம், இப்போது லண்டன் என்றேன். "இன்னொருக்கா போடுங்க" என்றார். மூன்று தரம் கேட்டார்.

2009-ல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் ரகுமானோடு செய்த ‘ஓ சாயா’ ஆஸ்கர் பட்டியலுக்குப் போனது. அந்த வருஷம் பிப்ரவரியில் கிராமி மேடையில் நிறைமாத வயிற்றோடு ஏறி நின்று பாடினார். வன்னியில் சனங்கள் சாகிறார்கள் என்று அந்த நாட்களில் மைக் கிடைத்த இடமெல்லாம் சொன்னார். அதற்காக வசவும் வாங்கினார். இவரை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்கு அந்த வாய் ஒன்றே போதும்.

பிறகு வந்தவற்றில் 2010-ன் ‘மாயா’ இரும்புப் பட்டறைச் சத்தம். பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். 2013-ன் ‘மாதங்கி’ அருமை. 2016-ன் ‘எய்ம்’ என்னைப் பெரிதாகத் தொடவில்லை. 2022-ல் ‘மாத்தா’ வந்தது. 2020-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. பதக்கம் கொடுத்தபோது, அந்தப் பதக்கங்களைத்தான் அவருடைய அம்மா பல வருஷம் கையால் தைத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. பண்ணையில் குனிந்தே முட்டை பொறுக்கிய என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அந்தம்மாவுக்கு மனசு நெறஞ்சிருக்கும்" என்றார்.

கேட்காதவர்கள் ‘கலா’விலிருந்து தொடங்குங்கள். செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம், உறுமியின் அடித்தொண்டை அதில் கேட்காது. நல்ல பாக்ஸ் வைத்த வண்டியில் போடுங்கள். ராசிபுரம் தாண்டி நாமக்கல் போகிற ரோட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு, ‘பேர்ட் ஃப்ளூ’வை முழுச் சத்தத்தில் வையுங்கள்.