உதவியவர்

சென்ற ஆண்டு இறுதியாண்டு மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்தாள். காரியாபட்டிக்குப் பக்கத்துக் கிராமம். “அம்மா, எங்க அப்பத்தா பாடுனதை நீங்க டேப்புல பிடிச்சிட்டுப் போனீங்களாம்ல. அது இன்னும் இருக்கா?” என்று கேட்டாள். அப்பத்தா இறந்து மூன்று வருடம். வீட்டில் ஒரே ஒரு புகைப்படம், அதுவும் ரேஷன் அட்டைக்கு எடுத்தது. குரல் எங்கும் இல்லை.

என்னிடம் இருந்தது. முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பருத்திக் காட்டிலும் மந்தை வேப்பமரத்தடியிலும் பதிவு செய்த பதினான்கு ஒலிநாடாக்கள், ஒரு பிஸ்கட் டப்பாவில். ஆய்வேட்டின் பின்னிணைப்பை எடுத்துப் பார்த்தேன். தகவலாளர் பட்டியல்: வரிசை எண், பெயர், வயது, சாதி, ஊர். அந்த அப்பத்தா ஒன்பதாவது. பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் இன்னாரின் மனைவி என்று தட்டச்சு செய்திருக்கிறேன். பெயர் இல்லாதவருக்கும் சாதிக் கட்டம் நிரம்பியிருந்தது. எந்த நாடாவில், எந்தப் பக்கத்தில், யார் குரல் என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் யாரும் அதைக் கேட்கவுமில்லை. பட்டம் கிடைத்தது.

ஆவணக் காப்பாளரின் வேலை பழையதைப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது பாதி வேலைதான். மறுபாதி, ஒவ்வொரு பொருளோடும் சேர்த்து எழுதி வைக்கும் குறிப்பு: யார், எங்கே, எப்போது, யாரிடம் கொடுத்தார், எதற்குச் சம்மதித்தார்.

இந்தக் கண்ணோடு நம் நாட்டார் பாடல் தொகுப்புகளைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958இல் வெளியிட்ட ‘மலையருவி’, பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்கள், கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்தது. திரட்டியவர் பெயரும் பதிப்பித்தவர் பெயரும் இன்றுவரை நிற்கின்றன. 1964இல் நா. வானமாமலை பதிப்பித்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ இதைவிடப் பல படி முன்னே போன நூல். ஏட்டுப் புலமை ஏளனம் செய்த பாடல்களை வரலாற்றுச் சான்றாக எடுத்து வைத்தது. எஸ்.எஸ். போத்தையா, எஸ்.எம். கார்க்கி, கு. சின்னப்ப பாரதி போன்றவர்கள் ஊர் ஊராகச் சேகரித்துக் கொடுத்தார்கள். பாடலுக்கு முன்னால் சூழலைச் சொல்லும் சிறு உரைநடைக் குறிப்பு. பாடலுக்குக் கீழே ‘சேகரித்தவர்’, ‘இடம்’. சில இடங்களில் மட்டும் ‘உதவியவர்’ என்று ஒரு பெயர்.

எனக்குச் சிக்கல் அந்தச் சொல்லில்தான். பாடியவரையா அது குறிக்கிறது, பாடியவரிடம் அழைத்துப் போனவரையா? தாலாட்டின் கீழே ஓர் ஆண் சேகரிப்பாளரின் பெயர் உறுதியாக நிற்கிறது. பிள்ளையைத் தொட்டிலில் போட்டு அதைக் கட்டியவள், கிடைத்தால், உதவியவர். மேலே உள்ள உரைநடைக் குறிப்பில் ஒரு தாய் வருகிறாள், ஒரு காதலி வருகிறாள், கணவனை இழந்த ஒருத்தி வருகிறாள். பாடியவளின் இடத்தில் ஒரு மாதிரிப் பெண் உட்கார்ந்துவிடுகிறாள். நா.வா. மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. அந்த நூல் இல்லையென்றால் என் ஆய்வே இல்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு பெண் ஆய்வாளரான நானும் அதே பழக்கத்தைத்தான் கைக்கொண்டேன். ‘தகவலாளி’ என்று துறைச் சொல் ஒன்று வேறு கிடைத்துவிட்டது.

வேறு விதமாகவும் செய்ய முடிந்திருக்கிறது. மகாராட்டிரத்தில் ஹேமா ராயர்கரும் கீ புவாத்வேனும் கிராமத்துப் பெண்களின் திரிகைப் பாடல்களைத் திரட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை. பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ ஊரக ஆவணகம் அவற்றை இப்போது வெளியிடுகிறது. பாடியவர் பெயர், ஊர், தொழில், பதிவு செய்த நாள் எல்லாம் பாடலோடு வருகின்றன. பழைய பதிவோடு நிற்காமல் பாடியவர்களைத் தேடித் திரும்பவும் போயிருக்கிறார்கள். அந்தத் திரும்பிப் போதல்தான் என்னை உறுத்தியது. நான் போகவே இல்லை.

அம்பை ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை வெளியிட்ட அதே 1988இல்தான் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் சேர்ந்து மும்பையில் ‘ஸ்பாரோ’ பெண்கள் ஆவணக் காப்பகத்தையும் தொடங்கினார். இதை வெறும் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சமையலறைக்குள் அடைபட்ட பேச்சுக்குக் கதையில் இடம் கொடுத்தவர், அதே பேச்சை ஒலிப்பதிவாகவும் புகைப்படமாகவும் பேசியவரின் பெயரோடு காக்க ஓரிடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

ஆனால் பெயரைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அண்ணன் பெண்டாட்டி மேல் குறை இருக்கும், சொத்துப் பிரித்த கதை இருக்கும். இழவு வீட்டில் அழுகையோடு கரைந்துபோகும் சொல், பெயரும் ஊரும் சேர்ந்து பொதுவில் நின்றால் வழக்காகிவிடும். பெயர் வேண்டுமா, வேண்டாமா, யார் கேட்கலாம் என்பதைப் பாடியவளே சொல்ல வேண்டும். நான் பெயரை விட்டது இந்த யோசனையால் அல்ல. அவரிடம் நான் பெயரே கேட்கவில்லை.

மாணவி நாடாக்களைக் கணினிக்கு மாற்றினாள். இரண்டில் பூஞ்சை பிடித்திருந்தது. மிச்சத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனோம். வீட்டுத் திண்ணையில் ஒப்பாரியைப் போடப்போனபோது ஒரு பெரியம்மா தடுத்துவிட்டார்: “நல்லா இருக்கிற வீட்டுல ஒப்பாரி வைக்கலாமா தாயி?” கண்மாய்க்கரைக்குப் போய் உட்கார்ந்தோம். களையெடுப்புப் பாட்டு ஒன்று ஓடியதுமே யாரென்று சொல்லிவிட்டார்கள். வரியின் கடைசியை இழுக்கும் விதத்தை வைத்து. அதில் பின்பாட்டாக நாலு பேர் இருந்தார்கள், நான் ஒருவர் என்று எழுதியிருந்தேன்.

ஏழாவது நாடாவில் வந்த குரலைக் கேட்டதும் மாணவியின் அத்தை “எங்க ஆத்தாதான்” என்றார். பக்கத்தில் இருந்தவர் இல்லை என்றார். அது மேலத்தெருக்காரி, இருமல் அவளுக்குத்தான் உண்டு என்றார். மூன்று முறை போட்டுக் கேட்டோம். நோட்டில் இரண்டு பெயரையும் எழுதி, யார் எந்தப் பெயரைச் சொன்னார் என்றும் எழுதிக்கொண்டேன். பிறகு அத்தையிடம் அவருடைய ஆத்தாவின் பெயரைக் கேட்டு, ஆய்வேட்டின் என் பிரதியில் ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே பேனாவால் எழுதினேன். மாணவி அந்தப் பாடலைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள், கேள்விக்குறியோடேயே.