கான்ஸோ கத்தியும் டெஸ்ட் சர்டிஃபிகேட்டும்

மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் மத்தியில் கான்ஸோ என்பது ஒரு தகராறுப் பெயர். "இந்தக் காசுக்கு இப்படி ஒரு கத்தியை வேற எவன் குடுப்பான்" என்று ஒரு கூட்டம். "அது திருட்டு டிசைன், கையால தொட மாட்டேன்" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் ஒரே கத்தியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் முதல் ஆள் பொருளை எடை போடுகிறார், அடுத்தவர் அதைச் செய்தவனை எடை போடுகிறார். அதனால் பேச்சு முடிவதே இல்லை. இரண்டையும் தனித்தனிக் கணக்காக எழுதிப் பார்த்தால் அவை சந்திக்கும் இடம் ஒன்று தெரிகிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

முதலில் பொருள். என்னிடம் இருப்பது 700-களில் எண் போட்டு வரும் வரிசையில் ஒன்று. 440சி எஃகு, மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அலகு, ஜி10 கைப்பிடி, கம்பெனி 'ஜி-லாக்' என்று பெயர் வைத்திருக்கும் பூட்டு. ஒன்றரை வருடமாகச் சணல் கயிறு, சிமெண்ட் மூட்டைத் தையல், சொட்டுநீர்க் குழாய், பார்சல் அட்டை, மாங்காய் என்று எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறேன். வேலை செய்கிறது. இதற்கு மேல் என் அனுபவத்தைச் சாட்சியாக வைக்கப் போவதில்லை. ஒரு ஆள், ஒரு கத்தி, ஒன்றரை வருடம் என்பதெல்லாம் ஒரு ஆதாரமே இல்லை. அமைப்பைப் பார்ப்போம்.

மடக்குக் கத்தியில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். விரித்த அலகு, வேலை நடக்கும்போது விரல் மேல் மடங்கி விழாமல் எது பிடித்து வைக்கிறது? நம்ம ஊர்ச் சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பேனாக்கத்தியில் பூட்டே கிடையாது. பின்பக்க ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான். லைனர் லாக் வகையில், கைப்பிடியின் உள்தகடு பக்கவாட்டில் வளைந்து வந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். நல்ல அமைப்பு. ஆனால் மடக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் இருக்கும்.

ஜி-லாக் இதிலிருந்து மாறுபட்டது. இரண்டு உள்தகடுகளிலும் குறுக்கே வெட்டிய காடியில் ஒரு சின்ன எஃகு உருளை கிடக்கிறது. இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி ஸ்பிரிங், ஒமேகா எழுத்து மாதிரி வளைந்தது, அந்த உருளையை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அலகு விரிந்ததும் உருளை அலகின் அடியில் உள்ள சரிவின் மேல் ஆப்பு மாதிரிப் போய் உட்கார்ந்துவிடுகிறது; அலகின் அடி உருளைக்கும் நிறுத்தும் ஆணிக்கும் நடுவில் இறுகிவிடுகிறது. உருளையைப் பின்னால் இழுத்தால் அலகு தளர்ந்து மடங்கும், விரல் அதன் பாதையில் இல்லை. இடக்கைக்காரருக்கும் வலக்கைக்காரருக்கும் ஒரே மாதிரி. தேய்மானம் வந்தால் உருளை சரிவில் இன்னும் கொஞ்சம் முன்னேறி உட்கார்ந்துகொள்ளும். ஸ்பிரிங் ஒன்று ஒடிந்தாலும் இன்னொன்று வேலையை ஓட்டும். என்னைக் கேட்டால் கடந்த முப்பது வருடத்தில் மடக்குக் கத்திக்கு வந்த மிகச் சிறந்த யோசனை இதுதான்.

கைப்பிடி பற்றி ஒரு வரி. ஜி10 என்பது கண்ணாடி இழையை எபாக்ஸியில் அழுத்திச் செய்த பலகை. மதர்போர்டு பார்த்தவர்களுக்கு இது அந்நியம் இல்லை. சர்க்யூட் போர்டுக்குப் பயன்படும் எஃப்ஆர்4 இதன் தீத்தடுப்புச் சேர்த்த உடன்பிறப்பு. வியர்வைக்கு ஊறாது, வெயிலுக்கு வளையாது.

எஃகு விஷயத்தில் நம்ம ஊர் டூல் ரூம்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். 440சி-யில் கார்பன் 0.95 முதல் 1.20 சதவீதம், குரோமியம் 16 முதல் 18 சதவீதம். ஒழுங்காகப் பதப்படுத்தினால் ராக்வெல் 58-60 வரை கடினம் கிடைக்கும். இதே கம்பெனியின் ஃபயர்பேர்ட் பெயரில் வரும் சில மாதிரிகளில் டி2 போடுகிறார்கள். டி2 என்றால் நம்ம பட்டறைகள் ஹெச்சிஹெச்சிஆர் என்று அழைக்கும் டை ஸ்டீல் குடும்பம். பஞ்ச் செய்கிறோமே, அது. கார்பன் 1.4 முதல் 1.6, குரோமியம் 11 முதல் 13. கூர் அதிக நாள் நிற்கும். ஆனால் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடுவதால், துருவைத் தடுக்க மிச்சமிருப்பது கொஞ்சம்தான். மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் மடித்து வைத்தால் கறை பிடிக்கும். பழம் நறுக்கவென்றால் 440சி, அட்டையும் கயிறும் அறுக்கவென்றால் டி2. எதுவானாலும் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் சக்கரத்தில் வைத்து ஓட்டி, விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம். தண்ணீர்க் கல்லில் கையால் தீட்டுவதே நல்லது.

பொருளின் கணக்கு இவ்வளவுதான். பாஸ்.

இனி ஆள். இந்தப் பூட்டு கான்ஸோவின் யோசனை இல்லை. பில் மெக்ஹென்றி, ஜேசன் வில்லியம்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வடிவமைத்தது. 1996-இல் விண்ணப்பித்து 1998 ஏப்ரலில் காப்புரிமை கிடைத்தது, எண் 5,737,841. ஆரிகன் மாநிலத்துப் பெஞ்ச்மேட் கம்பெனி 'ஆக்ஸிஸ் லாக்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காப்புரிமை உயிரோடு இருந்த காலத்திலேயே கான்ஸோ இதே அமைப்பைப் போட்டு விற்றது. பூட்டோடு நிற்கவில்லை. பெஞ்ச்மேட், ஸ்பைடர்கோ போன்ற கம்பெனிகளின் கத்திகளுடைய முழு உருவச் சாயலும் பழைய மாதிரிகளில் அப்பட்டமாகத் தெரியும். சர்ச்சை இதுதான்.

'நகல்' என்ற ஒரே சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். உள்ளே மூன்று தனி விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, இயங்குமுறை. இதற்குக் காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது வருடம். ஒப்பந்தம் ரொம்ப நேர்மையானது: உன் ரகசியத்தைப் படம் போட்டு ஊருக்குச் சொல், பதிலுக்கு இருபது வருடம் நீ மட்டும் அனுபவி, பிறகு அது எல்லாருடையதும். ஆக்ஸிஸ் லாக்கின் கெடு 2016-இல் முடிந்தது. அதன் பிறகு ஹோக், கெர்ஷா போன்ற அமெரிக்கக் கம்பெனிகளே இதே குறுக்கு உருளைப் பூட்டை வேறு பெயர்களில் போடுகிறார்கள். யாரும் அவர்களைத் திருடர் என்பதில்லை. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே இன்றைக்கு விற்கும் கான்ஸோவின் பூட்டில் குற்றம் இல்லை, 2016-க்கு முன் அமெரிக்கச் சந்தையில் விற்றதில் இருந்தது.

இரண்டு, உருவம். இது சட்டத்தைவிடக் கூச்சம் சம்பந்தப்பட்ட விஷயம். அடுத்தவன் உட்கார்ந்து வரைந்த வளைவை அப்படியே எடுப்பதற்குத் தேவை என்று ஒன்றும் கிடையாது. உருளை அந்த இடத்தில்தான் இருந்தாக வேண்டும், ஆனால் கைப்பிடியின் இடுப்பு அந்த வளைவில்தான் இருக்க வேண்டும் என்று எந்த இயந்திரவியலும் சொல்லவில்லை. இங்கே கான்ஸோவுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எஃப்ஹெச் என்று தொடங்கும் பிந்தைய ஃபயர்பேர்ட் மாதிரிகளில் பெரும்பாலும் சொந்தச் சாயல் வந்திருக்கிறது. முடியும் என்பதற்கு அதுவே சாட்சி, முன்பே செய்திருக்கலாமே என்பதற்கும் அதுவே சாட்சி.

மூன்று, பெயர். அலகில் 'பெஞ்ச்மேட்' என்று பொய்யாகப் பொறித்து விற்கும் போலிகள் தனி இனம். கான்ஸோ தன் பெயரைத்தான் போடுகிறது. வாங்குகிறவன் ஏமாறவில்லை. இது சின்ன வித்தியாசம் இல்லை.

இதில் 'சைனா சரக்கு' என்ற வசவுக்கு இடமே இல்லை. குவாங்டாங் மாகாணத்து யாங்ஜியாங், கத்தித் தொழிலுக்கென்றே பேர்போன ஊர். சொந்த டிசைனில் அசத்தும் வீ நைஃப் கம்பெனியும் அந்த ஊர்தான். ஸ்பைடர்கோவே தன் டெனேஷியஸ் கத்தியைச் சீனாவில் செய்து விற்கிறது.

கோயமுத்தூர்க்காரனுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் தொண்டை அடைக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த மெஷினைப் பிரித்துப் போட்டு, பாகம் பாகமாக அளவெடுத்து, வார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஊர் இது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உருவாக்கிய மோட்டாரை இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். பம்ப் செட் தொழில் அந்த வழியில் வளர்ந்ததுதான். இன்னொரு வழியும் இங்கேயே உண்டு. 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியபோது சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, தொழில்நுட்பத்தைக் கேட்டு வாங்கினார்கள். பார்த்துக் கற்றதும் நம்ம மரபு, கேட்டு வாங்கியதும் நம்ம மரபு. எனவே 'நகல் எடுத்தவன்' என்று கான்ஸோவை நோக்கி விரல் நீட்டும் தகுதி நமக்கு முழுசாக இல்லைங்க. ஆனால் அதே காரணத்தால், நகலைத் தரம் பிரித்துப் பார்க்கும் தகுதி நமக்கு மற்றவர்களைவிட அதிகம். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம். பெயரை வெளியூர்க்காரன் எடுத்துக்கொண்டால் எப்படி வலிக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

இப்போது இரண்டு கணக்கும் சந்திக்கும் இடத்துக்கு வருகிறேன்.

ஆளைப் பற்றிய சர்ச்சை எல்லாமே பொருளைத் தொடாது. 2018-இல் பெஞ்ச்மேட் கம்பெனி, உள்ளூர் போலீஸ் கேட்டதற்காகத் துப்பாக்கிகளை அறுத்துக் கொடுத்தது. அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்கள் பொங்கி, புறக்கணிப்பு வரைக்கும் போனார்கள். சரியோ தப்போ, அதனால் அவர்கள் கத்தியின் கடினம் ஒரு புள்ளி கூடக் குறையவில்லை. கான்ஸோ சர்ச்சை அப்படிப்பட்டது இல்லை.

காரணம் இது. கத்தியில் பூட்டு தெரியும், கைப்பிடி தெரியும், அலகு நடுவில் மடங்குகிறதா என்பது தெரியும். தெரியாதது எஃகும் அதன் பதமும். அலகில் '440சி' என்று பொறித்திருப்பது வெறும் ஒரு வாக்கு. அது நாலே எழுத்து லேசரில் போட்டது, அவ்வளவுதான். நம்ம ஊரில் ஃபவுண்டரி வைத்திருக்கும் யாரையும் கேளுங்கள். ஒரு லாட் காஸ்டிங் அனுப்பினால் கூடவே டெஸ்ட் சர்டிஃபிகேட் போக வேண்டும். எந்த ஹீட், என்ன கார்பன், என்ன சிலிக்கான், கடினம் எவ்வளவு. அது இல்லாவிட்டால் கஸ்டமர் லாரியைத் திருப்பி அனுப்புவான். பாக்கெட் கத்திக்கு அப்படி ஒரு காகிதம் எந்தக் கம்பெனியும் பெட்டியில் வைப்பதில்லை. அதன் இடத்தில் இருப்பது கம்பெனியின் பெயர் மட்டும்தான்.

"கோயமுத்தூரில் இருந்துகொண்டு இதற்குப் புலம்புவானேன், ஸ்பெக்ட்ரோவில் வைத்துப் பார்த்துவிடலாமே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பார்க்கலாம். சிடார்க் மாதிரிப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கும் ஊர். ராக்வெல் மெஷின் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளிலேயே இருக்கிறது. ஆனால் அது என் கையில் இருக்கும் ஒரு கத்தியைப் பற்றித்தான் சொல்லும். நீங்கள் நாளைக்கு வாங்கப் போகும் கத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆயிரமாவது கத்தியும் முதல் கத்தி மாதிரியே பதப்படும் என்பது பரிசோதனையில் அகப்படாத விஷயம். அது செய்கிறவனின் ஒழுங்கு. அடுத்தவன் வளைவை எடுக்கத் தயங்காத ஒருவன், யாரும் பார்க்காத உலையில் அரை மணி நேரத்தைக் குறைக்கத் தயங்குவானா என்ற சந்தேகம் நியாயமானது. குறைக்கிறான் என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் வந்துவிட்டது, அதற்கு வழிவிட்டது அவனே, அதைத் தீர்க்கும் பொறுப்பும் அவனுடையது என்கிறேன். நகலின் உண்மையான விலை இது. அந்த விலையைக் கட்டுவது வாங்குகிறவன்.

என் மதிப்பீடு இப்படி முடிகிறது. கருவியாக, கொடுக்கும் காசுக்கு மேலேயே வேலை செய்யும் அமைப்பு. வாங்குவதானால் சொந்த வடிவத்தில் வந்திருக்கும் பிந்தைய மாதிரிகளை வாங்குங்கள், அந்தத் திசையில்தான் நம் காசு போக வேண்டும். அலகு ஒன்பது அங்குலத்துக்கும் இரண்டு அங்குல அகலத்துக்கும் ரொம்பக் கீழே என்பதால் ஆயுதச் சட்ட லைசென்ஸ் பேச்சு வராது. ஆனாலும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 5,737,841 என்ற எண்ணைப் போட்டுத் தேடினால் அந்தக் காப்புரிமை ஆவணம் படங்களோடு இலவசமாகக் கிடைக்கிறது. உருளை, சரிவு, காடி, ஸ்பிரிங் எல்லாம் வரைந்து விளக்கியிருக்கிறார்கள். இன்று அது உலகப் பொதுச் சொத்து. வயர் கட் இருக்கிறது, சிஎன்சி இருக்கிறது, வேக்குவம் உலை இருக்கிறது, ஸ்பிரிங் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், எல்லாம் கணபதிக்கும் பீளமேட்டுக்கும் சிட்கோவுக்கும் நடுவில். சொந்தமாக ஒரு வளைவு வரைந்து, பெட்டிக்குள் ஹீட் நம்பரோடு ஒரு டெஸ்ட் சர்டிஃபிகேட்டும் மடித்து வைத்து யாராவது ஒரு மடக்குக் கத்தி போட்டால், இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்க நான் தயார்.