யாருடைய நிர்வாஹம்? – பல்கலைக்கழகத்தார் செய்த திருவாய்மொழி நூல்கள் குறித்துச் சில

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் மாணவர்களும் திருவாய்மொழியைக் குறித்து எழுதும் நூல்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பெருகியுள்ளன. அவற்றைப் பற்றி நம் கோஷ்டிகளில் இருவகைப் பேச்சே வழங்குகிறது. காலக்ஷேபம் கேளாதார் எழுதியதைப் படிப்பானேன் என்பர் சிலர். கடல் கடந்த தேசத்தாரும் ஆழ்வாரைக் கொண்டாடுகின்றனரே என்று பூரிப்பர் வேறு சிலர். நூலைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியம் இவ்விரு திறத்தார்க்கும் இல்லை. அடியேன் பள்ளிக்கூடம் அறியாதவன். தாமிரபரணிக் கரையில் தகப்பனாரிடம் திருமாளிகைத் திண்ணையில் ஓதியவன். ஆங்கிலம் பிற்காலத்தில் வந்தது. அகராதியையும் பேரனையும் துணைகொண்டு அந்நூல்களுள் சிலவற்றைப் படித்தேன். படித்த அளவில் தோன்றியதை இங்கே விண்ணப்பிக்கிறேன்.

பல்கலைக்கழகத்தார் தம் பணியை ஆராய்ச்சி என்றும் படைப்பு என்றும் இரண்டாகப் பிரிக்கின்றனர். உரை வரலாற்றை ஆய்வது ஆராய்ச்சி. பாசுரத்தைக் கவிதையாக மொழிபெயர்ப்பது படைப்பு. நம் வ்யாக்யானங்களில் இப்பிரிவு இல்லை. ஆயினும், பழையது எது, புதியது எது என்ற கணக்கு அங்கே உண்டு. அக்கணக்கு மிகத் துல்லியமானது. இதற்கு இரண்டு ஐதிஹ்யங்களை நினைவூட்டுகிறேன்.

எம்பெருமானார் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டுவருகையில், இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரத்தில் கருத்து வேறுபட்டது. ஆழ்வார் தம்மை இவ்வுடலோடு பிணைத்து வைத்ததற்கு நோகிறார் என்பது ஆண்டான் பக்ஷம். அத்திருவாய்மொழி முழுதும் உபகார ஸ்மரணமாகிய உகப்பே நடப்பதால் இப்பாசுரமும் அவ்வுகப்பையே சொல்லவேண்டும் என்பது எம்பெருமானார் பக்ஷம். ஆளவந்தாரிடம் கேளாத இப்பொருள் விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று ஆண்டான் சொல்லி, பொருளுரைப்பதையே நிறுத்திக்கொண்டார். திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, ஆளவந்தார் இப்பொருளும் அருளிச்செய்ய அடியேன் கேட்டதுண்டு என்றபின்னரே காலக்ஷேபம் தொடர்ந்தது. இங்கே நோக்கவேண்டியது, நம் ஸம்ப்ரதாயம் தோற்ற பக்ஷத்தை அழித்துவிடவில்லை என்பது. இரண்டு நிர்வாஹங்களும் அவரவர் திருநாமத்தோடு இன்றளவும் வழங்குகின்றன.

மற்றொன்று நாம் எல்லோரும் அறிந்தது. நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியை நன்கு ஏடுபடுத்தித் தருமாறு வரதராஜர் என்பவரிடம் ஒப்படைத்தார். அவர் காவிரியைக் கடக்கையில் வெள்ளத்தில் ஏடு போயிற்று. கேட்டதை நினைவிற்கொண்டு அவர் மீண்டும் எழுதினார். சில இடங்களில் தமக்குத் தோன்றிய விசேஷார்த்தங்களையும் சேர்த்தார். நஞ்சீயர் அந்த ஏட்டைக் கண்டு, தாம் எழுதாத பொருள்கள் இருப்பதை வினவ, நடந்ததை அவர் ஒளியாமல் விண்ணப்பித்தார். ஆசார்யர் சினவாமல் அணைத்துக்கொண்டு நம்பிள்ளை என்று திருநாமம் சாற்றினார். பிற்காலத்தில் அவர் அருளிச்செய்த காலக்ஷேபமே வடக்குத் திருவீதிப் பிள்ளையின் திருக்கையால் ஈடு முப்பத்தாறாயிரப்படி ஆயிற்று. நினைவிலிருந்து மீட்டது ஆராய்ச்சி என்றால், தோன்றியதைச் சேர்த்தது படைப்பு. இரண்டையும் ஏற்புடையன ஆக்கியது, எது தம்முடையது என்பதை அவர் மறையாமற் சொன்னதே. பல்கலைக்கழக நூல்களை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே முறை.

முதலில் ஆராய்ச்சி நூல். ஜான் கார்மனும் வசுதா நாராயணனும் இணைந்து எழுதி, சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1989இல் வெளியிட்ட 'தமிழ் வேதம்' என்னும் ஆங்கில நூல், திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படியைப் பொருளாகக் கொண்டது. எம்பெருமானாரின் வடமொழி நூல்களில் பயிலும் சொல்லாட்சிகள் பிள்ளானின் மணிப்ரவாள உரையில் எவ்வாறு வந்து அமைகின்றன என்பதை அந்நூல் இடம் சுட்டிக் காட்டுகிறது. உபய வேதாந்தம் என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். அச்சொல்லுக்குச் சான்றான முதல் வ்யாக்யானத்தை வரி வரியாக ஒப்புநோக்கியவர் நம்முள் எத்தனை பேர்? ஈட்டின் பெருமையில் ஈடுபட்டு ஆறாயிரப்படியைப் பெரும்பாலும் பெட்டகத்திலேயே வைத்திருக்கிறோம். இந்த உதவிக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். இதனைச் சொல்ல வெட்கப்படவேண்டியதில்லை.

பிரான்சிஸ் குளூனி என்னும் கத்தோலிக்கத் துறவி 1996இல் வெளியிட்ட நூலும் இத்தகையதே. அவர் பாசுரத்தை நம் ஆசார்யர்களின் உரையோடே படிக்கிறார். தாம் வேறு மதத்தினர் என்பதையும் மறைக்கவில்லை. எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசுபவரோடு வாதம் செய்யலாம், அவரை ஐயுறவேண்டியதில்லை.

நம் நாட்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, பு.ரா. புருஷோத்தம நாயுடுவின் 'ஈட்டின் தமிழாக்கம்' பத்துத் தொகுதிகளைக் கொண்ட பெரும்பணி. மணிப்ரவாளம் தனித்தமிழாகும்போது மூலத்தின் ஓசையும் வடமொழிப் ப்ரமாணங்கள் உரைநடையோடு இழையும் சுவையும் குறைவதை அடியேன் உணர்ந்ததுண்டு. ஆயினும் க்ரந்த எழுத்து அறியாத எத்தனையோ பேர் நம்பிள்ளையின் திருவுள்ளத்தை அறிந்தது அதன் வழியேதான். குறையைச் சொல்வோர் இந்நிறையையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இனிப் படைப்பு. மைசூரில் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் இருந்த ஏ.கே. இராமானுஜன், நம்மாழ்வார் பாசுரங்களுள் நூற்றுக்கும் குறைவானவற்றைத் தேர்ந்து 1981இல் ஆங்கிலக் கவிதைகளாக வெளியிட்டார். மூழ்குவோர்க்கான பாடல்கள் என்பது தலைப்பின் பொருள். ஆழ்தல் என்னும் வேர்ச்சொல்லைக் கொண்டு ஆழ்வார் என்னும் திருநாமத்தை அத்தலைப்பு நினைவூட்டுகிறது. அவருடைய சொற்சிக்கனமும் காதும் எவரும் மெச்சத்தக்கன. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்கு ஆழ்வாரைக் கவியாகக் காட்டிய பெருமை அவர்க்கு உரியது.

இதில் அடியேனுக்குள்ள குறை ஒன்று. திருவாய்மொழியின் ஆயிரத்து நூற்றிரண்டு பாசுரங்களும் அந்தாதியாய்த் தொடுக்கப்பட்டவை. தேர்ந்தெடுத்துப் பொருள் வகையால் மாற்றியடுக்கும்போது அத்தொடை அறுகிறது. அத்தொடையோடு ஸங்கதியும் அறுகிறது. முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழியில் ஆழ்வார் தலைமகளாய்ப் பறவைகளைத் தூது விடுகிறார். முன் திருவாய்மொழியில் அவனுடைய எளிமையில் ஈடுபட்டு அநுபவிக்கப் பாரித்தவர், அது கைகூடாத ஆற்றாமையால் இந்நிலையை எய்தினார் என்பது அவதாரிகை. அவதாரிகை இன்றி நின்றால் தூதுப் பாசுரம் அழகிய காதற்பாட்டாக மட்டும் எஞ்சும். அது பிழை அன்று; குறைவு. மாலையிலிருந்து உதிர்த்தெடுத்தாலும் பூ பூவே. ஆனால் மாலை இருந்தது என்பதைப் படிப்பவர் அறியவேண்டும். இக்காரணத்தால், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகப் பேராசிரியை அர்ச்சனா வெங்கடேசன் திருவாய்மொழி முழுவதையும் மொழிபெயர்த்து 2020இல் வெளியிட்டதை அடியேன் முக்கியமாகக் கருதுகிறேன். ஒவ்வொரு வரியிலும் உடன்பாடு என்பதற்கில்லை. முழுமையாக நின்றால்தான் உடன்படவோ மறுக்கவோ இடம் உண்டாகும்.

இதுவரை பிறரை உரைத்துப் பார்த்தேன். அதே உரைகல்லில் அடியேனும் உரைபட்ட கதையைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எங்கள் அகத்துக்கு வந்து மூன்று மாதம் ஈடு கேட்டாள். மேற்சொன்ன தூதுத் திருவாய்மொழி நடக்கையில், நாரையை முதலில் அழைத்ததற்குக் காரணம் சொன்னேன். நீர்க்கரையில் அசையாது காத்து நிற்பது நாரையின் இயல்பு. காத்திருப்பின் வருத்தம் அறிந்ததையே தூதாக விடவேண்டும் என்று ஆழ்வார் திருவுள்ளம் பற்றினார் என்றேன். ஈட்டில் உள்ளது என்றும் சொன்னேன். முப்பது ஆண்டுகளாக அப்படியே சொல்லி வந்தவன். மறுநாள் அவள் வந்து, "ஸ்வாமி, நேற்றுச் சாதித்தது ஈட்டில் எந்த இடத்தில் இருக்கிறது? தேடிப் பார்த்தேன், காணவில்லை" என்றாள். "சரியாகத் தேடு அம்மா" என்றேன், சிறிது கடிந்தே. பின்னர் நானும் அமர்ந்து தேடினேன். ஈட்டிலும் மற்ற நான்கு வ்யாக்யானங்களிலும் எங்கள் கண்ணுக்கு அகப்படவில்லை. அன்றிரவுதான் நினைவு தெளிந்தது. தகப்பனார் ஒருநாள் ஆற்றங்கரையில் அநுஷ்டானம் முடித்து எழுந்து, எதிரே நின்ற நாரையைப் பார்த்துச் சொன்ன ரஸோக்தி அது. அவர் ஒருபோதும் அதை ஈடு என்று சொல்லவில்லை. நான்தான் நம்பிள்ளையின் திருநாமத்தில் அதனை ஏற்றிவிட்டேன்.

பக்தியால் செய்த பிழை என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் விளைவு இரட்டை அபசாரம்: நம்பிள்ளை சொல்லாததை அவர்மேல் ஏற்றினேன், தகப்பனார் சொன்னதை அவரிடமிருந்து பறித்தேன்.

அம்மாணவி அப்பொருளைத் தன் ஆய்வேட்டில் சேர்க்க விரும்பினாள். அச்சிட்ட ஆதாரம் இல்லாததால் விட்டுவிடுமாறு அவளுக்கு வழிகாட்டியவர் சொன்னாராம். அவள் விடாமல், கேட்ட இடம், நாள், சொன்னவர், அவர் யாரிடம் கேட்டார் என்னும் விவரத்தோடு பின்னிணைப்பில் எழுதினாள். அந்தப் பக்கத்தைக் கண்டபோது, ஈட்டில் ஆசார்யர்களின் திருநாமத்தோடு நிர்வாஹங்கள் வரும் முறையே நினைவுக்கு வந்தது. அவள் அதனைப் பல்கலைக்கழகத்தில் கற்றாளா, எங்கள் திண்ணையில் கற்றாளா என்று நான் கேட்கவில்லை.

ஆகையால் இரு திறத்தார்க்கும் விண்ணப்பம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தார் ஒரு திருவாய்மொழியையேனும் அவதாரிகை தொடங்கி முழுமையாகக் காலக்ஷேபமாகக் கேட்டபின் எழுதுவாராக. அச்சேறாதது என்பதனாலேயே ஒரு பொருளைத் தள்ளாதிருப்பாராக. திருமாளிகைகளில் உள்ளோர் தத்தம் அகங்களில் வழங்கும் நிர்வாஹங்களை, எவருடையது என்னும் குறிப்போடு எழுதி வைப்பாராக. எங்கள் கோஷ்டியில் இப்போது அமர்பவர் ஐவர். அவருள் மூவர் அடியேனைவிட மூத்தவர். எழுதாமல் விட்டவை எங்களோடு போய்விடும்.

சென்ற ஆண்டு காலக்ஷேபம் மீண்டும் அத்திருவாய்மொழிக்கு வந்தது. நாரையின் பொருளைச் சொல்லி, "இது எங்கள் தகப்பனார் நிர்வாஹம், ஈட்டில் இல்லை, இதுவரை மாற்றிச் சொன்னது அடியேன் பிழை" என்று விண்ணப்பித்தேன். கோஷ்டியில் மூத்தவர் ஒருவர் சற்றுப் பொறுத்து, "அவர் சாதித்தது என்று முன்பே தெரிந்திருந்தால் அப்போதே குறித்து வைத்திருப்பேனே" என்றார். பிறகு அடுத்த பாசுரத்துக்குச் சென்றோம்.

இதில் குற்றம் உளதேல் பெரியோர் பொறுத்தருளித் திருத்தப் ப்ரார்த்திக்கிறேன்.