மலைகள் அவருடையவை

கம்பளி நூலால் படம் தைத்துக்கொண்டிருந்த அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ், கீல்வாதத்தால் ஊசி பிடிக்க முடியாமல் போனபோது தூரிகையை எடுத்தார். வயது எண்பதை நெருங்கியிருந்தது. 1938இல் நியூயார்க் மாநிலத்தின் ஹூசிக் ஃபால்ஸில், ஒரு மருந்துக்கடை ஜன்னலில் இருந்த அவருடைய படங்களை லூயி கால்டர் என்ற சேகரிப்பாளர் வாங்கினார். 1940இல் ஓவியக்கூடம் நடத்திய ஓட்டோ காலிர் நியூயார்க் நகரில் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தார். உலகம் அவரை ‘கிராண்ட்மா மோசஸ்’ என்றது. 101 வயதில் இறப்பதற்குள் 1,500க்கு மேல் வரைந்துவிட்டார்.

இந்தக் கதையில் மயங்கிப்போய்ப் படத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

பலகைமேல் வெள்ளை பூசி, முதலில் வானம், பிறகு மலை, மரம், வீடு, கடைசியில் மாடும் மனிதரும் என்று மேலிருந்து கீழே இறங்கி வரைவார். அவருடைய பலம், பலவீனம் இரண்டும் இந்த வரிசையிலேயே இருக்கின்றன. மலைகள் அவர் அன்றாடம் கண்டவை. தூரத்தில் நீலம், நெருங்க நெருங்கப் பச்சையின் பல சாயல்கள். இலக்கண சுத்தமான பெர்ஸ்பெக்டிவ் கிடையாது; ஆனாலும் நிறத்தைக் கொண்டே நிலத்துக்கு ஆழம் தந்துவிடுகிறார். இந்த இடத்தில் அவர் பெரிய ஓவியர், சந்தேகமே இல்லை.

மனிதர்களோ பத்திரிகைகளிலிருந்தும் அச்சுப் படங்களிலிருந்தும் கத்தரித்து, பலகையில் வைத்துப் பிரதியெடுத்தவர்கள். 1943இல் வரைந்த ‘சுகரிங் ஆஃப்’ படத்தில், பனிக்காட்டில் மேப்பிள் பாகு காய்ச்சுகிறார்கள். கொப்பரையைச் சுற்றி நிற்பவர்களின் கால்கள் பனியில் புதையவில்லை. வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறார்கள். அவர்களுடைய துறுதுறுப்பு கண்ணுக்கு இதம்தான், ஆனால் உடம்புக்குக் கனமில்லை.

பெற்ற பத்துப் பிள்ளைகளில் ஐவரைப் பறிகொடுத்தவர், அந்தத் துயரத்தை வரையவில்லை என்று குறைசொல்ல எனக்கு மனம் வராது. அது அவர் விருப்பம். என்னை உறுத்துவது வேறு: கேட்டவர்களுக்கெல்லாம் அதே கட்டம்போட்ட வீட்டையும் அதே பாகுக் கொப்பரையையும் திரும்பத் திரும்ப வரைந்து கொடுத்தார். வாழ்த்து அட்டைகளில் அச்சாகிப் பரவியதும் பெரும்பாலும் இந்த இனிப்புதான். மலைகள் பின்னணியாகச் சுருங்கிவிட்டன.

1961இல், கடைசியாக முடித்த ‘வானவில்’ படத்தில் தூரிகை தளர்ந்திருக்கிறது. மரங்கள் நிறத்திட்டுகளாகக் கரைகின்றன. வயலில் நிற்கும் ஆட்களும் அதே வீச்சில் பிறந்தவர்கள். கத்தரித்த விளிம்பு எங்கும் இல்லை.