வினையும் வினைமுதலும்: ‘குருதிப்புனல்’ குறித்து

கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 25.12.1968 அன்று இரவு, குடிசை ஒன்றில் அஞ்சி ஒடுங்கியிருந்த 44 பேர் தீயில் மாண்டனர். அனைவரும் தலித் உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும், செங்கொடியின் கீழ்ச் சங்கமாய்த் திரண்டதுமே மிராசுதார்களின் சினத்துக்குக் காரணம். இந்நிகழ்வைக் கருவாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1975இல் வெளிவந்து, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

மறதியில் மங்கவிருந்த ஒரு கொடுமையைத் தமிழரின் மனச்சான்றின் முன் நிறுத்திய பெருமை இந்நாவலுக்கு உண்டு. ஆயினும், கண்ணையா நாயுடு என்னும் நிலக்கிழாரின் கொடூரத்துக்கு அவரது ஆண்மைக் குறைபாட்டை ஆசிரியர் வேராகக் காட்டுகிறார். வர்க்க முரண்பாட்டை இது மறைக்கிறது என்று இடதுசாரித் திறனாய்வாளர் கண்டித்தனர். அதனினும் அடிப்படையான வினா ஒன்று அறவியலில் உண்டு: செயலின் தீமை செயலில் உள்ளதா, செய்தவனின் இயல்பில் உள்ளதா?

நன்மையும் தீமையும் செயலிலேயே அமைந்துள்ளன, அறிவு அவற்றை உணரும் என்றனர் முஃதஸிலாக்கள். ஷரீஅத்தின் கட்டளையே அவற்றைத் தீர்மானிக்கிறது என்றனர் அஷ்அரிகள். மாத்துரீதி அறிஞர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் கண்டனர். இவ்வளவு கருத்து வேறுபாட்டிலும், குற்றமற்றோரைக் கொல்வது கொல்பவனின் தன்மையால் இலேசாகும் என்று எவரும் கூறவில்லை. செயல்களை வழிபாடு, பாவம், ஆகுமானது என மூன்றாகப் பகுத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), நிய்யத் எத்துணை நல்லதாயினும் பாவம் பாவமாகவே நிற்கும் என்று ‘இஹ்யா’வில் விளக்குகிறார். நல்ல நோக்கமே மாற்றவியலாத ஒன்றை உடற்குறை எங்ஙனம் மாற்றும்?

அன்றியும், வெண்மணியில் தீயிட்டது ஒரு கூட்டம். தனியொருவரின் உடற்குறை, கூட்டத்தின் செயலுக்கு விளக்கமாகாது.

கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தபோது, செல்வமும் மதிப்பும் உடைய நிலக்கிழார்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்பது நம்புதற்கரியது என்றது. நீதிமன்றம் செய்தவனின் தகுதியைப் பார்த்தது. நாவல் அவனது குறையைப் பார்த்தது. நோக்கங்கள் வேறாயினும், இரண்டிலும் பார்வை செயலை விட்டு விலகிச் செய்தவனிடம் சென்றுவிடுகிறது.

மனிதன் ஏன் தீயவனாகிறான் என்று ஆராய்வது இலக்கியத்தின் உரிமை. ஆனால் காரணம் வேறு, தீர்ப்பு வேறு. ‘குருதிப்புனலை’ அவசியம் வாசிக்க வேண்டும். வாசித்தபின், நாயுடுவின் மனத்தை விட்டு அந்தக் குடிசையின் பக்கம் பார்வையைத் திருப்பவும் வேண்டும்.