பித்தளையில் பொறித்த வாக்கு

பொன்னும் வெள்ளியும் தேடி ஜனங்கள் அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்களில் குடியேறிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் மதுச்சாலைகளில் எஞ்சிய பொருள்களைச் சேகரிக்கும் ரசிகர்களுள், பிரன்ஸ்விக் கம்பெனியார் செய்தளித்த, தூண்களும் நிலைக்கண்ணாடிகளும் அமைந்த சித்திர வேலைப்பாடுள்ள மர அடுக்குகளை நாடுவோர் உண்டு. ஃபேரோ என்னும் சீட்டாட்டத்தில் வெளிவந்த சீட்டுகளைக் கணக்கிட்ட மணிச்சட்டத்தைத் தேடி அலைவோரும் உண்டு. என் அபிமானமோ அவை எல்லாவற்றிலும் எளியதான பித்தளை டோக்கன் மீதே நிலைத்தது.

கால் டாலர் நாணயமளவே உள்ள அவ்வில்லையின் ஒரு புறத்தில் கடையின் பெயரும் ஊரின் பெயரும், மறுபுறத்தில் 12½ சென்ட் என்ற மதிப்பும் காணப்படும். 1857 வரை அந்நாட்டில் சட்டப்படி செல்லுபடியான ஸ்பானிய வெள்ளி டாலரின் எட்டில் ஒரு பங்கே இத்தொகை. அதற்கென அமெரிக்க அரசாங்கம் நாணயம் அடித்ததில்லை. ஆதலால், இரண்டு கோப்பை கால் டாலர் என்று விற்ற கடையில் ஒரு கோப்பையோடு எழுந்தவருக்கு மீதியாக டோக்கன் கிடைத்தது. வேறிடத்தில் செல்லாத அது அவரை மறுபடியும் அதே வாசலுக்கு வரவழைத்தது.

போலிகள் மலிந்த இத்துறையில் உலோகமே முதற்சாட்சி. 1870-களுக்கு உரியதென்று எவரேனும் அலுமினிய டோக்கனை நீட்டினால், அவ்வுலோகத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் மின்முறை 1886-இல்தான் கண்டறியப்பட்டது என்பதை நினைவுகூர வேண்டும். பல கைகளில் புழங்கிய மெய்யான டோக்கனில் எழுத்துகளின் மேடுகள் மழுங்கி, பள்ளங்களில் கருமை தங்கியிருக்கும். செயற்கையாகப் பழுப்பேற்றியதிலோ அந்நிறம் எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கும். பித்தளையைக் கண்டதும் புளியிட்டுத் துலக்கும் நம் வழக்கத்தை இங்கே கைவிடுவதே உத்தமம். துலக்கினால் அச்சாட்சியமும் கருமையோடு கரைந்துவிடும்.

1920-இல் நாடெங்கும் மதுவிலக்கு அமலாகி மதுச்சாலைகள் மூடப்பட்டபோது, அதுவரை மீட்கப்படாத டோக்கன்களில் பொறித்த வாக்குறுதிகள் அனைத்தும் காலாவதியாயின. ஆயினும் சரித்திர நூல்களில் இடம்பெறாத எத்தனையோ கடைக்காரர்களுக்கும், தாதுவளம் வற்றியதும் ஜனங்கள் கைவிட்டுப்போன சுரங்க ஊர்களுக்கும் இவ்வில்லைகளே சாசனம். ஆகையால், ஒரு டோக்கன் எவ்வூர் மண்ணில், எவர் வீட்டில் கிடைத்தது என்பதைக் குறித்து வைப்பதைச் சேகரிப்பாளரின் தலையாய கடமையாகக் கருதுகிறேன். அக்குறிப்பை இழந்த அபூர்வப் பொருளைவிட, அக்குறிப்போடு கூடிய சாதாரண வில்லைக்கே என் பெட்டகத்தில் முதலிடம்.